விசில் கொடுக்காத கண்டக்டர்

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாத ஒரு டீச்சர் இருந்தார். பெயர் தெய்வக்கனி. பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு டயாலிசிஸ் நிலையத்தின் மாடி அறையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். யார் போய் என்ன கேட்டாலும், "என்ன எழுதியிருக்கு? படிங்க" என்பார். அதனால் டீச்சர் என்றே ஆகிவிட்டது.

அவருக்கு ஒரு சீடர். பூவலிங்கம் என்று பெயர். டீச்சரை விட வயதில் ரொம்ப மூத்தவர். பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவர். மனைவி வடிவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், ரத்தம் சுத்தம் பண்ண இங்கே கூட்டி வந்தார். கீழே பெஞ்சில் சும்மா உட்கார அவருக்கு முடியவில்லை. யாருக்கு எப்போது முறை என்று குழப்பம் வந்தால் எழுந்து போய்த் தீர்த்து வைப்பார். பார்த்துக்கொண்டே இருந்த டீச்சர் ஒருநாள், "மேல வாங்க அண்ணாச்சி" என்றார். அப்படிச் சீடர் ஆனார்.

மாடியில் ஒரு கருவி இருந்தது. அழகான படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்தில் கட்டளை கொடுக்க வேண்டும். எழுத்திலேயே பதில் சொல்லும்.

அதன் வேலை இதுதான். நோயாளிகளின் விவரம் எல்லாம் தரவுத்தளத்தில் கட்டம் கட்டமாக இருக்கும். எந்தெந்தக் கட்டம் இருக்க வேண்டும் என்று டீச்சர் எழுதி வைத்திருப்பது திட்டம். கருவி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். திட்டத்தில் உள்ள கட்டம் உள்ளே இல்லை என்றால் போட்டுவிடும். உள்ளே இருக்கிற கட்டம் திட்டத்தில் இல்லை என்றால் எடுத்துவிடும். எடுக்கப் போகிற கட்டத்துக்குள் தகவல் இருந்தால் மட்டும் நின்றுவிடும்.

பூவலிங்கம் அதற்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்திருந்தார். அது விசில் கொடுக்காமல் வண்டி நகராது.

அன்றைக்குக் கண்டக்டர் விசில் கொடுக்கவில்லை.

"டீச்சர்."

"ம்."

"ஒத்திகையில ஓடுச்சு. பல்ல இளிச்சுக்கிட்டு ஓடுச்சு. லைவ்ல போட்டா மொறைக்குது."

ஒத்திகை என்பது பொய்ப் பெயர்களை வைத்துச் செய்து பார்க்கிற நகல். லைவ் என்பது கீழே நிஜமான ஆட்கள் படுத்திருக்கிற தரவுத்தளம்.

டீச்சர் மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன எழுதியிருக்கு?"

"நிறுத்திட்டேன்னு எழுதியிருக்கு."

"ஏன் நிறுத்திச்சாம்?"

"அத அதுகிட்டல்லா கேக்கணும்."

"படிங்க அண்ணாச்சி."

"படிச்சாச்சு."

"இன்னொரு தடவ."

பூவலிங்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஜன்னல் வரைக்கும் போனார், வந்தார். அவருக்கு அன்று நிதானம் இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு.

கீழே புது மெஷின் வந்து இறங்கியிருந்தது. அதுவரை மெஷின் போதாமல் பல பேருக்கு வாரத்துக்கு இரண்டு முறைதான் கிடைத்தது. வடிவுக்கும் அப்படித்தான். டாக்டர் மூன்று வேண்டும் என்று சொல்லியிருந்தார். இரண்டு முறைக்கு நடுவில் இடைவெளி நீண்டால் வடிவுக்குக் கால் வீங்கும். படுத்தால் மூச்சு வாங்கும். புது மெஷினுக்கு ஒரு கட்டம் போட்டுவிட்டால் நாளைக்கே அவளுக்கு மூன்றாவது முறை கிடைக்கும். சிஸ்டர் ரெஜினா சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் நாளைய முறையைப் போட்டுவிட்டுப் போவார். அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்தாக வேண்டும்.

பூவலிங்கம் மறுபடி வந்து உட்கார்ந்தார். விரலை வைத்து, எழுத்துக்கூட்டுகிற மாதிரிப் படித்தார்.

"நோயாளிகள் அட்டவணையில, டி-ஒன்னுன்னு ஒரு கட்டம். அது உங்க திட்டத்துல இல்ல. நான் தொடர்ந்தா அது போயிரும். உள்ள தகவல் இருக்கு. அதனால நிறுத்திட்டேன்."

டீச்சரின் கை தூக்குச் சட்டியின் மேல் நின்றது. பிறகு மூடியை மெதுவாக மூடினார்.

"டி-ஒன்னு" என்றார்.

"ஆமா. டி-ஒன்னாம், டி-ஒன்னு. பேரப் பாருங்க. ஆத்திர அவசரத்துல எவனோ போட்ட பேரு. குப்பை. இந்தக் குப்பைக்காக எம் பொண்டாட்டி மூச்சு வாங்கிட்டுக் கெடக்கணுமாக்கும்."

"உள்ள என்ன இருக்கு?"

"சில பேருக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கு. மத்தவங்களுக்குக் காலி. குப்பைன்னு சொல்லுதேன்லா."

"யார் யாருக்கு ஒண்ணு?"

"அதையெல்லாம் எவன் பாத்தான்? டீச்சர், நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"இத யாரு போட்டா?"

டீச்சர் தூக்கை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

"யாருன்னு சொல்லுங்க. லைவ்ல கை வைக்கக் கூடாதுன்னு இந்த ரூம்ல சட்டம். எழுதணும், ஒத்திகை பாக்கணும், கருவி வழியாத்தான் போகணும். நான் ஒரு தடவ கையால ஒரு கட்டத்த மாத்துனேன்னு ஆடி மாசம் பூரா எஞ்சாவிய வாங்கி வச்சிருந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

சாவி என்று அவர் சொன்னது லைவுக்குள் போகிற கடவுச்சொல்லை. அந்த ஊரில் அது இரண்டு பேரிடம்தான் இருந்தது; வெளியூரில் புரோகிராம் எழுதியவர்களிடமும் ஒன்று உண்டு.

"இருக்கு."

"ஆடி மாசம் பூரா ஒத்திகையிலயே உக்காந்து பொய்ப் பேருக்கு முறை போட்டேன். இப்ப எவனோ கைய வச்சிருக்கான். அவஞ்சாவிய வாங்க வேண்டாமா?"

"உள்ள என்ன இருக்குன்னு கேட்டேன், அண்ணாச்சி."

"நான் யாருன்னு கேக்குதேன், நீங்க என்னன்னு கேக்கீங்க. ரெண்டு பேருக்கும் காது சரியில்ல போல."

டீச்சர் லேசாகச் சிரித்தார். சிரிப்பில் தெம்பு இல்லை.

அப்போது பூவலிங்கத்தின் போன் அடித்தது. வடிவு.

"ஏங்க, நாளைக்கு வரவா, வேண்டாமா?"

"இரிளா. பாத்துக்கிட்டிருக்கோம்."

"காலைலருந்து அதத்தான் சொல்லுதிய."

"கண்டக்டர் விசில் குடுக்க மாட்டேங்கான்."

"நீங்க பஸ் ஸ்டாண்ட்ல இருக்கையில ஒங்களப் பாத்து எத்தன கண்டக்டர் நடுங்குனான். இவன் நடுங்கலையா?"

"இவனுக்கு ஒடம்பே கெடையாது. எங்கிட்டு நடுங்க?"

"எங்காலு செருப்புக்குள்ள போக மாட்டேங்கி. ஒங்க செருப்பத்தான் மாட்டிக்கிட்டுத் திரியுதேன். நீங்க வெறுங்காலோட வந்துறப் போறியேன்னு சொல்லுதேன், வேற ஒண்ணுமில்ல."

"மூச்சு?"

"இருக்கு" என்று வடிவு வைத்துவிட்டாள்.

பூவலிங்கம் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு கறுப்புத் திரைக்குத் திரும்பினார். அந்தக் கட்டளையையே மறுபடி அடித்தார். கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தார்.

அந்தச் சொல்லைச் சேர்த்தால் கருவி நிற்காது. தகவல் போனாலும் பரவாயில்லை, நீ போ என்று அதற்கு அர்த்தம். அந்த அறையில் அதற்குப் பெயரே பரவாயில்லை.

"டீச்சர், பரவாயில்லை போடுதேன்."

"அதப் போடாமத்தான இவ்வளவு நாளு வேல பாத்தோம்?"

"போன வைகாசியில நீங்களே போடச் சொன்னீங்க. போன் நம்பர் கட்டத்தச் சுருக்கும்போது. அப்பவும் இப்படித்தான் போயிரும் போயிரும்னு கத்துச்சு. ஒண்ணும் போகல. இதுக்கு எல்லாமே தீப்பிடிச்ச வீடுதான்."

"அப்ப உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டுப் போடச் சொன்னேன்."

"இப்பவும் பாத்தாச்சு. குப்பை."

"யாருக்கு ஒண்ணுன்னு பாத்தீங்களா?"

பூவலிங்கம் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர். ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன். ஒரு கேள்விக்கு, ஒரே ஒரு கேள்விக்கு, கேள்வி இல்லாம ஒரு பதில் சொல்லுங்க. போடவா, வேண்டாமா?"

டீச்சர் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார். திரையைப் பார்த்தார்.

"போடுங்க" என்றார்.

பூவலிங்கத்தின் விரல் பாய்ந்தது.

"ஒத்திகையில" என்றார் டீச்சர்.

விரல் அந்தரத்தில் நின்றது.

"ஒத்திகையிலதான் ஏற்கனவே ஓடிருச்சே!"

"ஒத்திகையில டி-ஒன்னு இல்ல. அதான் ஓடுச்சு. லைவ நகல் எடுத்து ஒத்திகையில போடுங்க. நிஜப் பேரு, நிஜக் கட்டம், எல்லாம் அப்படியே. அதுல பரவாயில்லை போடுங்க. எதுவும் போகலைன்னா நானே லைவ்ல போட்டுத் தாரேன்."

"நகல் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா?"

"தெரியும்."

"சிஸ்டர் கெளம்பிருவாங்க."

"அதுக்குள்ள முடிஞ்சிரும்."

"முடியலைன்னா?"

டீச்சர் போய்த் தூக்கைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டு மூடி வைத்துவிட்டார்.

நகல் ஓடியது. ஓடியது என்று சொல்லக்கூடாது. ஊர்ந்தது. பூவலிங்கம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஏறாத மேட்டில் லாரி ஏறுவதைப் பார்க்கிற மாதிரிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, "டிப்போவுல போய்ப் படுத்துட்டானா?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

ஒருவழியாக முடிந்தது.

பூவலிங்கம் ஒத்திகையில் கட்டளை கொடுத்தார். கடைசியில் பரவாயில்லை சேர்த்தார். தட்டினார்.

கருவி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. டி-ஒன்று போனது. புது மெஷினுக்குக் கட்டம் வந்தது. முடிந்தது என்று எழுதிவிட்டுச் சும்மா இருந்தது.

"பாத்தீங்களா?" பூவலிங்கம் கையைத் தட்டினார். "வானம் இடிஞ்சு விழுந்துச்சா? இதுக்குத்தான் மத்தியானத்துலருந்து இந்தப் பாடு."

"நல்லா ஓடிருச்சு" என்றார் டீச்சர்.

"லைவ்ல போட்டுறலாம்லா?"

"ஒரு வேல பாக்கி. நீங்கதான் சிஸ்டர்னு வச்சுக்கோங்க. நாளைக்கு முறை போடுங்க."

"ஒத்திகையிலயா?"

"ஒத்திகையிலதான். யாரு எந்த மெஷின்ல, யாருக்குப் பெறகு யாரு. போட்டுக் காட்டுங்க. ஒடனே லைவ்."

முறை போடுவது பூவலிங்கத்துக்குக் கைவந்த வேலை. எத்தனை பஸ்ஸை எத்தனை வருஷம் அனுப்பியவர். நர்ஸ் மேசையில் இருக்கிற அதே திரையை ஒத்திகையில் திறந்தார். நாளைக்கு வர வேண்டியவர்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. வடிவு வழக்கமாக வராத நாள் அது. பெயர்களில் பாதிப் பேரை அவருக்குத் தெரியாது.

"தூரத்து ஊர்க்காரங்களுக்குக் காலைல. அப்பத்தான் இருட்டுமுன்ன வீடு போவாங்க. இவரு யாரு, செல்லையா, எட்டயபுரம் ரோட்டுக்காரரு. காலைல புது மெஷின்ல. அவரு எந்திரிச்ச ஒடனே வடிவு. அதே மெஷின். புது மெஷின்லா, அவளுக்கும் ஒரு சந்தோசம்."

மற்றவர்களையும் மளமளவென்று போட்டார். போட்டு முடித்து நாற்காலியில் சாய்ந்தார். மத்தியானத்துக்குப் பிறகு அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சிஸ்டர் ரெஜினா மூச்சிரைக்க மேலே வந்தார். தோளில் பை தொங்கியது.

"என்ன அண்ணாச்சி, கட்டம் வந்துச்சா இல்லையா? நான் முறையப் போட்டுட்டுப் போகணும். நாளைக்கு நான் லீவு, எங்க அக்கா மக நிச்சயதார்த்தம். புதுப் புள்ளைக ரெண்டு பேருதான் இருப்பாளுக. அவளுக திரைல என்ன இருக்கோ அதத்தான் செய்வாளுக."

"வந்தாச்சு சிஸ்டர். ஒங்க வேலையையும் நானே பாத்து வச்சிருக்கேன். ஒத்திகைதான். பாருங்க, சரியா இருக்கான்னு."

ரெஜினா குனிந்து பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். முகம் சுருங்கியது.

"இதென்ன, எல்லாப் பேரும் வெள்ளையா இருக்கு?"

"ஒத்திகையில எப்பவும் வெள்ளைதான சிஸ்டர்?"

"பொய்ப் பேருன்னா வெள்ளையா இருக்கும். இது எங்க ஆளுகல்லா? மஞ்சப் பேரெல்லாம் எங்க?"

பூவலிங்கம் பெயர்களை மேலிருந்து கீழே மறுபடி பார்த்தார்.

ரத்தத்தில் காமாலைக் கிருமி இருக்கிறவர்களுக்குத் தனி மெஷின். மூலையில் திரை போட்டு வைத்திருப்பார்கள். அவர்கள் படுத்த மெஷினில் மற்றவர்களைப் படுக்க வைக்கக் கூடாது. அந்தப் பெயர்கள் நர்ஸ் மேசைத் திரையில் மஞ்சளாகத் தெரியும். போன மாதத்திலிருந்து அப்படித் தெரிந்தது. பூவலிங்கத்துக்கும் தெரியும். மஞ்சள் என்றால் மூலை. அந்த மஞ்சள் எங்கேயிருந்து வருகிறது என்று மட்டும் அவர் யோசித்ததில்லை. புரோகிராம் எழுதியவர்கள் வண்ணம் பூசிவிட்டார்கள் என்று நினைத்திருந்தார்.

ரெஜினாவின் விரல் கீழே இறங்கி ஓர் இடத்தில் நின்றது.

"செல்லையாவ எதுக்குப் புது மெஷின்ல போட்டிருக்கீங்க? அவரு மூலைக்காரருல்லா! யாரு அவருக்குப் பெறகு... ஐயோ, நம்ம வடிவக்காவா?"

கீழே மெஷின் ஒன்று கூவி நின்றது.

"ஒத்திகைதான சிஸ்டர்" என்றார் டீச்சர். "நீங்க கீழ போங்க. கொஞ்ச நேரத்துல கூப்பிடுதேன்."

ரெஜினா இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஜெபமாலையைத் தேடுகிற மாதிரிக் கழுத்தைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார்.

பூவலிங்கம் திரையைப் பார்த்தார். செல்லையா. அதற்குக் கீழே வடிவு. இரண்டும் வெள்ளை. அவர் கையால் போட்டது.

பிறகு லைவைத் திறந்தார். டி-ஒன்றில் யார் யாருக்கு ஒன்று என்று கேட்டார். பெயர்கள் வந்தன. அதில் செல்லையா இருந்தார்.

"இதானா" என்றார்.

"இதான்."

"அப்ப யாரு போட்டா, டீச்சர்? இவ்வளவு பெரிய விசயத்த டி-ஒன்னுன்னு பேரு வச்சு, திட்டத்துலயும் எழுதாம, யாருகிட்டயும் சொல்லாம? யாரு அந்தப் புண்ணியவாளன்?"

"நான்தான்."

பூவலிங்கம் நாற்காலியோடு திரும்பினார்.

டீச்சர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார். எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு எப்போதும் குறைவுதான். இப்போது தரையைப் பார்த்துப் பேசினார்.

"போன மாசம் மழையில, அக்காவுக்கு மூச்சு முட்டிப் பெரியாஸ்பத்திரியில சேத்திருந்தீங்கள்லா. அன்னிக்கு. செல்லையாவுக்கு ரிப்போர்ட் வந்துச்சு. கிருமி இருக்குன்னு. அவரு ஆட்டோவுல வந்துக்கிட்டிருக்காரு. சிஸ்டரும் இல்ல. புதுப் புள்ளைக அவர வழக்கமான மெஷின்ல படுக்க வைக்க எல்லாம் எடுத்து வச்சிட்டாளுக. எழுதி, ஒத்திகை பாத்து, கருவி வழியாப் போக நேரமில்ல. கையால ஒரு கட்டம் போட்டேன், மூலைக்காரங்க எல்லாருக்கும் ஒண்ணு வச்சேன். திரையில மஞ்சள் வரச் செஞ்சேன். கையில வந்த பேர வச்சேன்."

"பெறகு?"

"வீட்டுலருந்து போன் வந்துச்சு. புள்ளைக்குக் காய்ச்சல்னு. ஓடினேன். மறுநாள் எழுதிரணும்னு நெனச்சேன்." டீச்சர் நிறுத்தினார். "எழுதல."

பூவலிங்கத்துக்கு மூக்கு விடைத்தது.

"ஆடி மாசம் பூரா, டீச்சர்."

"ஆமா."

"நான் பண்ணது ஒரு எழுத்துப் பிழையத் திருத்துனது. அதுக்கு ஆடி மாசம் பூரா."

"ஆமா."

"மத்தியானம் டி-ஒன்னுன்னு படிச்சேனே, அப்பவே ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. தூக்குச் சட்டி மேல கை நின்னுச்சு. நான் பாத்தேன். குழம்பு சிந்திருச்சோன்னு நெனச்சேன்."

"தெரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சுக்கிட்டே என்னய நாள் பூரா..." எழுந்தார். ஜன்னல் வரைக்கும் போனார். வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் யாரோ யாரையோ வைதுகொண்டிருந்தார்கள். அதை ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். "சரி. மொதல்ல வண்டிய எடுப்போம். எனக்கு வடிவு நாளைக்கு வரணும். என்ன செய்யணும், சொல்லுங்க."

"டி-ஒன்னத் திட்டத்துல எழுதுங்க."

"மொத வேலையா அந்தப் பேர மாத்துதேன். காமாலைக் கட்டம்னு நல்லா வெளங்குத மாதிரி..."

"மாத்தாதீங்க. பேர மாத்துனா கருவிக்கு அது வேற கட்டம். பழச எடுத்துட்டுப் புதுசப் போடப் பாக்கும். இருக்கறத இருக்கற மாதிரியே எழுதுங்க இன்னிக்கு. பேரு நாளைக்கு."

பூவலிங்கம் எழுதினார். அசிங்கமான பேரை அசிங்கமாகவே எழுதினார். ஒத்திகையில் மறுபடி நகல் எடுத்து ஓட்டிப் பார்த்தார். இந்தத் தடவை ஊர்ந்ததை அவர் வையவில்லை. நர்ஸ் மேசைத் திரையைத் திறந்தார். செல்லையாவின் பெயர் மஞ்சளாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தார், கண்ணாடிதான் என்றாலும்.

பிறகு லைவில் கட்டளை கொடுத்தார். பரவாயில்லை சேர்க்கவில்லை.

கருவி பார்த்தது. எடுக்க ஒன்றுமில்லை, போட ஒன்று இருக்கிறது என்றது. போட்டது.

"விசில்" என்றார் பூவலிங்கம்.

கீழே ரெஜினா முறை போட்டார். செல்லையா மூலைக்குப் போனார். வடிவின் பெயர் புது மெஷினில் வெள்ளையாக வந்து நின்றது. பூவலிங்கம் போன் போட்டார்.

"நாளைக்கு வாளா."

"விசில் குடுத்துட்டானா?"

"குடுத்துட்டான்."

"அடிச்சியளா அவன?"

"இல்லளா. அவன் என்னய அடிக்காம விட்டான்."

"என்ன சொல்லுதிய?"

"வந்து சொல்லுதேன். எஞ்செருப்பயே போட்டுட்டு வா."

வைத்துவிட்டுத் திரும்பினார். டீச்சர் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, எஞ்சாவிய வாங்குங்க."

"என்ன?"

"லைவ் சாவி. ஒங்க சாவியால என் சாவிய முடக்க முடியும். முடக்குங்க. மார்கழி பூரா."

"டீச்சர், நான் அப்படிச் சொல்லல. ஏதோ கோவத்துல ஆடி மாசம் ஆடி மாசம்னு..."

"நான் கோவத்துல வாங்கல ஆடியில."

பூவலிங்கம் தலையைச் சொறிந்தார். கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தார். தட்டாமல் அவரைப் பார்த்தார். டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூவலிங்கம் தட்டினார்.

நிச்சயம்தானா என்று கருவி கேட்டது.

"பாருங்க, ஒங்க மேல இதுக்கு எவ்வளவு மரியாத" என்றார் பூவலிங்கம்.

"எல்லாரையும் கேக்கும்."

ஆமாம் என்று அடித்தார். டீச்சரின் பெயர் லைவிலிருந்து போனது. ஒத்திகையில் மட்டும் நின்றது.

டீச்சர் எழுந்து தூக்கைக் கையில் எடுத்தார். மத்தியானச் சோறு பாதி அப்படியே இருந்தது. விளக்கை அணைக்கப் போனவரைப் பூவலிங்கம் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"மத்தியானம் நான் எத்தன தடவ கேட்டேன், யாரு போட்டான்னு. நான்தான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே. நீங்க போட்டதுன்னு தெரிஞ்சா அந்தக் கட்டத்து மேல நான் கைய வச்சிருப்பேனா? உள்ள என்ன இருக்குன்னுகூடப் பாத்திருக்க மாட்டேனே. அப்படியே விட்டிருப்பேன்."

டீச்சர் சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி நின்றார்.

"அதனாலதான் சொல்லல, அண்ணாச்சி" என்றார்.